தலையில் பூவும் இருக்கணும், ஹெல்மெட்டும் இருக்கணும்
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.

எனக்குக் கொடுத்த தலைப்பு சாலைப் பாதுகாப்பு. நான் அலங்காரத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். ஹெல்மெட் ஏன் போடலைன்னு கேட்டா, வேர்க்குது, கழுத்து வலிக்குதுன்னு சொல்றோம். மனசுக்குள்ள இருக்கிற காரணம் வேற. பூ நசுங்கும், கொண்டை கலையும், பொட்டு அழியும். நம்ம நிலக்கோட்டைப் பக்கம் பூ விளையிற பூமி. பூ வைக்காம கிளம்பினா எங்க அத்தை வாசல்லயே மறிச்சு, "சுமங்கலி வெறுந்தலையோட போகலாமா?"ம்பாங்க.

2018-ல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தப்போ எங்க குழுவில் ரெண்டு பேர் மானியத்தில் வண்டி வாங்கினாங்க. நான் கொழுந்தனாரோட பழைய ஸ்கூட்டியை வாங்கி ஓட்டப் பழகினேன். வங்கிக்கு, ரேஷன் கடைக்கு, மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக எல்லாத்துக்கும் அதுதான். ஹெல்மெட்டும் இருந்தது. ஆனா அது கண்ணாடியில்தான் தொங்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, வைகாசி மாசம், நாத்தனார் மகளுக்குச் சடங்கு. கொண்டை போட்டு, நாலு முழம் மல்லிகை சுத்தி, ஜிமிக்கி மாட்டிக் கிளம்பினேன். பின்னாடி என் மகள். ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடி வந்துச்சு. பிரேக் பிடிச்சேன், வண்டி சாய்ஞ்சிருச்சு. பெரிய வேகம்கூட இல்லை. ஹெல்மெட் தனியா உருண்டு போச்சு, என் தலை ரோட்டில் அடிச்சது. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு ஒன்பது தையல்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா முதலில் பூவை வெட்டி எடுத்தாங்க. அப்புறம் காயத்தைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழிச்சாங்க. நான் அழுதது வலிக்காக இல்லை, முடிக்காகத்தான். சொல்ல வெட்கமா இருக்கு. கையில் ரத்தத்தோட நின்ன என் மகள், "ஏம்மா அழுவுற, முடி வளரும்"னு சொன்னா. அவளுக்கு அப்போ பதினோரு வயசு.

அதுக்கப்புறம் அஞ்சு மாசம் முந்தானையைத் தலையில் போட்டுக்கிட்டேதான் குழுக் கூட்டத்துக்கு வந்தேன். கேட்டவங்ககிட்ட, பழனிக்கு முடி கொடுத்தேன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை இன்னைக்கு இந்த மேடையில் ஒத்துக்கிறேன். முருகன் மன்னிக்கட்டும்.

தையல் பிரிச்சதும் புது ஹெல்மெட் வாங்கப் போனோம். எங்க குழுவில் அஞ்சு பேர் சேர்ந்து போனதால் விலையும் கொஞ்சம் குறைஞ்சது. எல்லாச் சேலைக்கும் பொருந்துற நிறம் வேணும்னு அரை மணி நேரம் பார்த்தோம். "ஜவுளிக்கடைன்னு நினைச்சுட்டீங்களாக்கா"ன்னு கடைத் தம்பி சிரிச்சார். கடைசியில் என் மகள் மஞ்சளை எடுத்துக் கொடுத்தா. ராத்திரியில் தூரத்திலேயே தெரியும்.

அந்தத் தம்பி நல்ல விவரம் சொன்னார். தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே தலையைச் சுத்திப் பிடிச்சு அளந்தார். எனக்கு 56 சென்டிமீட்டர். நான் அதுவரை வச்சிருந்தது எங்க வீட்டுக்காரர் அளவு, அதான் ஆடிக்கிட்டே கிடந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். தாடைப் பட்டையை மாட்டலைன்னா போட்டும் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கிற தெர்மாகோல்தான் அடியை வாங்கி நசுங்குமாம். அதனால் ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. மகள் அதில் பெயிண்ட்டில் கோலம் போடணும்னா. பெயிண்ட், தின்னர் எல்லாம் மேல் ஓட்டைக் கெடுத்துரும்னு அவர் தடுத்துட்டார்.

இப்போ அலங்காரத்துக்கு வர்றேன். கொண்டை போட்டா ஹெல்மெட் பின்னால் தூக்கி, முன்னால் கண்ணை மறைக்கும். தாழ்வா ஒத்தைச் சடை பின்னுங்க, சரியா உட்காரும். உச்சியில் கிளிப், ஊசி எதுவும் வேண்டாம், விழுந்தா குத்தும். ஜிமிக்கியைப் பர்ஸில் வச்சுக்கிட்டு தோடோட போங்க. குங்குமம் வேர்வையில் வழியும். போய் இறங்கினதும் வண்டிக் கண்ணாடியிலேயே பொட்டு வச்சுக்கலாம், நான் அப்படித்தான். ஈரத்தலையோட போடாதீங்க, நாத்தம் பிடிச்சுரும். எங்க குழுவில் தையல் தைக்கிற சகோதரி ஜாக்கெட் துணி மிச்சத்தில் மெல்லிசா ஒரு காட்டன் தொப்பி தைச்சுக் கொடுத்தாங்க. அதைப் போட்டு மேலே ஹெல்மெட் போட்டா எண்ணெய் ஒட்டாது, முடியும் கலையாது. இப்போ அதைக் கேட்டுப் பக்கத்து ஊரில் இருந்தும் ஆள் வருது.

பூவுக்கு என்ன செய்யிறதுன்னு கேப்பீங்க. அதுக்கு வழி சொன்னது எங்க அத்தைதான். வாழை இலையில் சுத்தி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு வண்டிக் கொக்கியில் மாட்டி விட்டுருவாங்க. சடையில் வைக்க ஊசியும் அதிலேயே இருக்கும். ஹெல்மெட் இல்லாம இறங்கினா இப்போ வாசலில் மறிக்கிறது அதுக்காகத்தான்.

போலீஸ் பிடிச்சா 1000 ரூபாய் அபராதம்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்கிறதை மறந்துடுறோம். நாலு வயசு தாண்டின பிள்ளைக்கும் வேணும். என் மகளுக்கு நான் ஆறு மாசம் கழிச்சுத்தான் வாங்கினேன், சந்தாப் பணம் கட்டி மீதி வந்தப்போ. அந்த ஆறு மாசமும் அவளை வண்டியில் ஏத்தலை, பஸ்ஸில்தான் அனுப்பினேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் மஞ்சள் ஹெல்மெட் மாட்டியிருக்கிற வண்டி என்னோடதுதான். கூட்டம் முடிஞ்சதும் யார் வேணும்னாலும் போட்டுப் பார்க்கலாம். தலையில் பூ இருந்தா மட்டும் எடுத்து என் கையில் கொடுத்துட்டுப் போடுங்க.