நூறு கிலோப் பெட்டியும் மூன்று சட்டங்களும்

பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் அல்லவா கூட வேண்டும், தாம்பரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பதில் பக்கத்தில், சானடோரியத்தில் இருக்கிறது. 1984இல் ஏற்றுமதிக்கென்று தொடங்கப்பட்டு, பின்னர் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறி, இன்று எல்லோர் வாயிலும் ‘மெப்ஸ்’ என்று புழங்கும் வளாகம் அது. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் சட்டத்தின் 53ஆம் பிரிவு, இத்தகைய மண்டலத்தை இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள நிலமாகக் கொள்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும் ஓர் உள்நாட்டுச் சரக்குப்பெட்டி அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால், சட்டத்தின் கணக்கில் அது ஏற்றுமதி. ஆக, சட்டம் மனது வைத்தால் நாட்டின் எல்லையையே தாம்பரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது. வரி விஷயத்தில் அதைச் செய்திருக்கிறது. சரக்கு சேதமானால் யார் எவ்வளவு பொறுப்பு என்ற விஷயத்தில் மட்டும் எல்லை இன்னும் கப்பலின் ஏணிப்படியிலேயே நிற்கிறது. இந்தப் பொருத்தமின்மைதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் பொருள்.

காரணம் பழையது. நம் கப்பல் சரக்குச் சீட்டுச் சட்டம் 1856இல் பிறந்தது; கடல்வழிச் சரக்குச் சட்டம் 1925இல். இரண்டுக்கும் இடையில்தான், 1912இல், பல்லாவரத்துக்கு அருகே குரோம் தோல் தொழிற்சாலை வந்து, பிற்காலத்தில் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் கொடுத்தது. அந்தக் காலத்துச் சரக்கு மூட்டையாகவும் கட்டாகவும் போனது; வண்டியிலிருந்து இறங்கும்போது எண்ணினார்கள், கப்பலில் ஏறும்போது மறுபடி எண்ணினார்கள். எந்த இடத்தில் குறைந்தது என்பது தெரியும். அதனால் கப்பலில் ஏற்றுவதிலிருந்து இறக்குவதுவரை ஒரு சட்டம், அதற்கு முன்னும் பின்னும் வேறு சட்டம் என்று பிரித்தது அன்று நியாயமாகவே இருந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கண்டெய்னர் முனையம் வந்தபோது அந்த நியாயம் ஆட்டம் கண்டது. இப்போது பெட்டியைத் தொழிற்சாலையிலேயே மூடி சீல் வைக்கிறார்கள். திறப்பவர் கடலுக்கு அப்பால் இருக்கும் வாங்குபவர். நடுவில் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் முதல் கேள்வி, ‘எந்த வாகனத்தில் இருந்தபோது உடைந்தது?’ என்பதே.

அந்தக் கேள்விக்கு எவ்வளவு விலை என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நூறு கிலோ எடையுள்ள ஓர் இயந்திர பாகம், மதிப்பு மூன்று லட்சம் ரூபாய், தாம்பரத்திலிருந்து புறப்படுகிறது என்று கொள்வோம். பொறுப்பு வரம்புகள் பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். அலகில் சொல்லப்படுகின்றன, ஓர் எஸ்.டி.ஆர். நூறு ரூபாய்க்கு மேல், கணக்கு எளிதாக நூறென்றே வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கத்தில் விமானத்தில் ஏறிய பின் சேதமானால், மாண்ட்ரீல் உடன்படிக்கை 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். என்று வரம்பை உயர்த்தியிருக்கிறது. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். கப்பலில் சேதமானால் பெட்டிக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2, இவற்றில் அதிகமானது, ஏறக்குறைய அறுபத்தேழாயிரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியில் சேதமானால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் வாடகையைப்போல் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. அந்தப் பெட்டியின் பங்காக ஐந்நூறு ரூபாய் வாடகை என்றால், கிடைப்பது ஐயாயிரம். இதில் ஒரு வேடிக்கை: அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, லாரிக்காரரின் அலட்சியத்தைச் சரக்குக்காரர் நிரூபிக்கவே வேண்டாம் என்று தாராளமாகச் சொல்கிறது. வழக்கில் சுலபமாக ஜெயிக்கலாம்; ஜெயித்து வாங்கும் பணம் வக்கீல் ஃபீஸுக்கே போதாது.

இப்படித் துண்டுபட்டதை ஒட்டவைக்கத்தான் 1993இல் பலவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரே ஆவணம், ஒரே பொறுப்பாளர்; நல்ல யோசனை. ஆனால் அதன் 14, 15ஆம் பிரிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் விசித்திரம் தெரியும். எங்கே சேதமானது என்று தெரியாவிட்டால், பயணத்தில் கடல்வழியும் இருக்கும்போது, 666.67 அல்லது கிலோவுக்கு 2 என்ற கப்பல் அளவு. எங்கே என்று தெரிந்துவிட்டால் அந்த வழிக்குரிய சட்டத்தின் அளவு. அதாவது, லாரியில்தான் உடைந்தது என்று தெரியவந்த அந்த நிமிடமே நம் பெட்டியின் உரிமை அறுபத்தேழாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்கு இறங்குகிறது. சரக்குக்காரருக்கு அறியாமையே லாபம். 2017 முதல் சுங்கத்துறை, தொழிற்சாலையிலேயே மூடப்படும் ஏற்றுமதிக் கண்டெய்னர்களுக்கு மின்னணு சீலைக் கொண்டுவந்திருக்கிறது, லாரிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. பெட்டி எங்கே குலுங்கியது, எங்கே நின்றது என்பது இனி மேலும் மேலும் துல்லியமாகத் தெரியவரும். தொழில்நுட்பம் வளர வளர ஏற்றுமதியாளரின் இழப்பீடு சுருங்கும்படி ஒரு சட்டத்தை யாரும் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதப்பட்டிருப்பது அதுதான்.

இறக்குமதியின் நிலை இன்னும் மோசம். 1993 சட்டம், இந்தியாவில் சரக்கை ஏற்று வெளிநாட்டில் ஒப்படைக்கும் பயணத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் வரும் உதிரிபாகங்களுக்கு அந்த அரைகுறைப் பாதுகாப்பும் கிடையாது. கடல்வழிச் சட்டமும் நம் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களைத்தான் பார்க்கிறது. ஜப்பானிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய ஷிப்பிங் கார்ப்பரேஷன், பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி ஜப்பானியச் சட்டத்தின் வரம்பைத்தான் எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தைக் குறைசொல்ல முடியாது, வாசகம் அப்படி. 2025இல் நாடாளுமன்றம் 1856, 1925 சட்டங்களை நீக்கிப் புதியவை இயற்றியபோது இதைத் திருத்த வாய்ப்பு இருந்தது. மொழி நவீனமானது, விதிகளை அறிவிக்கை மூலம் மாற்றும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு வந்தது. புறப்படும் கப்பல் என்ற வேலி மட்டும் அங்கேயே இருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, இன்ஷூரன்ஸ் இருக்கும்போது எதற்கு இந்தச் சண்டை என்பது. இன்ஷூரன்ஸ் இழப்பை இடம் மாற்றுகிறதே தவிர அழிப்பதில்லை. பணம் கொடுத்த நிறுவனம் சரக்குக்காரரின் இடத்தில் நின்று லாரிக்காரர்மீது வழக்குப் போடும்; அங்கே கிடைப்பது ஐயாயிரம் என்றால், மிச்சம் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் வரும். வேண்டுமானால் கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை உயர்த்திக்கொள்ளலாமே என்பது இரண்டாவது. 2007 சட்டம் அதை அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் லாரி ரசீது பெரும்பாலும் சரக்கு அனுப்பும் முகவரான ஃபார்வர்டருக்கும் லாரிக்காரருக்கும் இடையிலானது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே சிறு ஏற்றுமதியாளரின் கைக்கு வந்து சேர்வதில்லை.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் மிக மதிக்கிறேன். ஒன்றிரண்டு லாரி வைத்து, கடனில் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்மேல் லட்சக்கணக்கில் பொறுப்பை ஏற்றினால் அவர் தாங்குவாரா? தாங்க மாட்டார், ஏற்றவும் கூடாது. அவருடைய பத்து மடங்கு வரம்பு அப்படியே இருக்கட்டும். நான் சொல்வது, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு செய்து, முழுப் பயணத்துக்கும் கட்டணம் வாங்கிக்கொண்ட பலவழிப் போக்குவரத்து நடத்துநரைப் பற்றி. லாரியைத் தேர்ந்தெடுப்பவர் அவர். அபாயத்தைக் கணக்கிட்டுத் தன் விலையில் சேர்க்கக் கூடியவரும் அவர்.

உலகமே ஒத்துக்கொள்ளாமல் இந்தியா தனியே என்ன செய்ய முடியும் என்பார்கள். கடல்வழிச் சரக்குக்கான 2008ஆம் ஆண்டின் ராட்டர்டாம் விதிகள் இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. 1980ஆம் ஆண்டின் ஐ.நா. பலவழிப் போக்குவரத்து உடன்படிக்கைக்கும் அதே கதி. ஆனால் 1993 சட்டத்தை நாம் எவரையும் கேட்டு இயற்றவில்லை. தவிர, செத்துப்போன அந்த 1980 உடன்படிக்கையில் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. சேதம் எங்கே நேர்ந்தது என்று தெரிந்தால், அந்த வழிக்குரிய கட்டாயச் சட்டம் அதிக வரம்பு தந்தால் மட்டும் அதைப் பின்பற்று என்கிறது அதன் 19ஆவது உறுப்பு. குறைவாக இருந்தால் பொது வரம்பே நிற்கும். விமானச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது: ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக விமான நிலையத்துக்கு வெளியே லாரியில் போன சரக்கு சேதமானால், மாறாக நிரூபிக்கும்வரை அது விமானப் பயணத்தில் சேதமானதாகவே கொள்ளப்படும். மீனம்பாக்கம் போகும் பெட்டிக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், அதே லாரியில், துறைமுகம் போகும் பெட்டிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம் 15ஆம் பிரிவில் ‘எது அதிகமோ அது’ என்ற பொருளில் ஒரு தொடர், சட்டத்தின் வரையறையில் இறக்குமதியையும் ஏற்றுமதியோடு சேர்க்கும் ஒரு திருத்தம். நான் கேட்பது இவ்வளவே. கடல்சார் சட்டம் பயின்றவர்களுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றலாம். இறக்குமதியைச் சேர்த்தால் வெளிநாட்டு நடத்துநரை நம் நீதிமன்றத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்ற சிக்கல் எழும். அதைப் பிற்பகல் அமர்வுக்கு விட்டிருக்கிறோம். முதல் அமர்வுக்கென்று 14, 15ஆம் பிரிவுகளின் வாசகம் உங்கள் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.