ஊசி போட்டால் போதுமா? ரத்தத்தையும் பார்க்க வேண்டாமா?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் செய்வது பற்றித்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். இன்று பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். போன மாதம் காலை நடையின்போது நம் நகர்வாசி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சார், ஆண்களுக்கான ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன், உடம்பு நல்ல தெம்பாக இருக்கிறது, நீங்களும் போட்டுக்கொள்ளுங்களேன்" என்றார். "ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?" என்று கேட்டேன். "அது எதற்கு?" என்றார். அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மன்னர் கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் இந்த ஊசியை நானும் போட்டுக்கொண்டவன். நான் பட்டதைச் சொல்கிறேன், மருத்துவர் எனக்கு விளக்கியதையும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் எனக்குத் தலைவலி வந்து, பார்வையும் ஓரங்களில் மங்கியது. ஸ்கேன் எடுத்ததில், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சிறு கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன்பின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் போதுமான அளவு சுரக்கவில்லை. வெவ்வேறு நாட்களில் காலை வெறும் வயிற்றில் இரண்டு முறை பரிசோதித்து உறுதி செய்த பிறகுதான் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, 250 மில்லிகிராம்.

ஊசி வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். சோர்வு போயிற்று. மாடிப்படி ஏற முடிந்தது. அதனால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டு, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மருந்தை வாங்கி, பக்கத்தில் ஒரு இடத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே யாரும் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து டாலி பண்ணியவன், என் உடம்பின் கணக்கை ஒன்றரை வருடம் பார்க்கவே இல்லை.

முகம் எப்போதும் சிவந்திருந்தது. பார்த்தவர்கள் "நல்ல களையாக இருக்கிறீர்கள்" என்றார்கள். தலை கனமாக இருந்தது, வெயில் என்று நினைத்தேன். குறட்டைச் சத்தம் தாங்காமல் என் மனைவி ஹாலில் படுக்கப் போய்விட்டார். கடைசியில் அவர் வற்புறுத்தித்தான் சி.பி.சி. பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 18.6. பி.சி.வி. 56. ஊசி ஆரம்பிக்கும் முன் அது 45-ஆக இருந்தது.

பி.சி.வி. என்றால் என்ன? ஹீமடோக்ரிட் என்று சொல்வதும் அதைத்தான். ரத்தத்தின் மொத்த அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆண்களுக்குச் சுமார் 40 முதல் 50 வரை இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் இரண்டு வழியில் இதை ஏற்றுகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. இரும்புச் சத்தை அடக்கி வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கிறது. உற்பத்தியும் கூடுகிறது, கச்சாப் பொருளும் தாராளமாகக் கிடைக்கிறது. ரத்தம் மோர் போல ஓட வேண்டியது, கெட்டித் தயிராகிறது. அப்படிக் கெட்டியானால் கட்டி கட்டுமோ, அடைப்பு வருமோ என்பதுதான் கவலை.

எண்டோக்ரைன் சொசைட்டி என்ற அமெரிக்க மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் பி.சி.வி. பார்க்க வேண்டும். தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அது இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம். என் எண் 56.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "ரத்தம்தானே அதிகம், நம் சங்க முகாமில் ரத்ததானம் செய்தால் போயிற்று." மருத்துவர் சிரித்துவிட்டு விளக்கினார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாளியில் மொண்டு ஊற்றுவது போல அது. ஊசி அதே அளவில் தொடர்ந்தால் ரத்தம் மறுபடி ஏறும். அடிக்கடி எடுத்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகி, ஊசி எதற்காகப் போட்டோமோ அந்தச் சோர்வே திரும்பி வரும். சிலருக்கு ரத்தம் எடுப்பது தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்து, மருத்துவமனையில் எடுக்க வேண்டும். தானம் வேறு, சிகிச்சை வேறு. முகாமுக்குப் போனாலும், இந்த மருந்து எடுத்துக்கொள்வதை அங்குள்ள மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இன்னொரு தவறான எண்ணம்: "ரத்தம் நீர்க்கும் மாத்திரை போட்டால் சரியாகிவிடும்." ஆஸ்பிரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்குமே தவிர, சிவப்பணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்காது. நாமாகப் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். ரத்தம் ஊறும் டானிக், இரும்பு மாத்திரை, லேகியம் எதையும் இந்த நிலையில் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

எனக்கு ஊசியை நிறுத்தினார்கள். ஒரு மாதத்தில் எண் பெரிதாக இறங்கவில்லை, எனக்குப் பயம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி, முதிர்வு தேதி வரும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். இதற்கிடையில் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு அடைபடுகிறது. இரவில் ஆக்சிஜன் குறைந்தால் அதுவும் சிவப்பணுவைக் கூட்டும். என் மனைவி ஹாலுக்குப் போனபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இப்போது இரவில் சி-பாப் கருவி மாட்டிக்கொள்கிறேன். புகைபிடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. உடம்பில் நீர் வற்றினாலும் எண் கூடிக் காட்டும். நம் புதுக்கோட்டையின் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போய்ப் பரிசோதனை செய்யாதீர்கள்.

ஐந்து மாதத்தில் எண் 48-க்கு வந்தது. இப்போது ஊசிக்குப் பதில் குறைந்த அளவில் ஜெல். ஊசியில் ஹார்மோன் சட்டென்று ஏறி இறங்கும், ரத்தம் கெட்டியாவதும் அதில்தான் அதிகம். ஜெல்லிலும் ஒரு கவனம் வேண்டும். தடவிய இடம் பெண்கள், குழந்தைகள் மேல் படக் கூடாது. தடவி, கை கழுவி, சட்டை போட்ட பிறகுதான் பேரனைத் தூக்குகிறேன்.

பயமுறுத்த நான் வரவில்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஜெல்லை வைத்துச் செய்த டிராவர்ஸ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வெறும் ஜெல் தடவியவர்களைவிட இவர்களுக்குக் கூடவில்லை. ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் சற்று அதிகமாக இருந்தன. முறையாகக் கண்காணித்து நடந்த ஆய்வு அது. கடையில் வாங்கி, கணக்குப் பார்க்காமல் போட்டுக்கொள்பவருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

ஆகவே வேண்டிக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வயதாகிறது, களைப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த ஊசிக்குப் போகாதீர்கள். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொள்பவர்கள், திருநம்பிகள் உட்பட, ஒரு நோட்டில் தேதி, மருந்தின் அளவு, பி.சி.வி. மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் மறைக்காதீர்கள். என் விஷயத்தில் ஆடிட்டர் என் மனைவிதான். அவர் கேள்வி கேட்கவில்லையென்றால் இன்று இங்கே நான் பேசிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது.

காலை நடையில் என்னிடம் பேசிய நண்பர் போன வாரம் பரிசோதனை செய்துகொண்டார். எண்ணை அவரும் மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். வேறு யாருக்காவது கேட்கக் கூச்சமாக இருந்தால், மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். என் நோட்டைக் காட்டுகிறேன்.