அணி தோற்றால் யார் பொறுப்பு: கோச்சா, குவார்ட்டர்பேக்கா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா, ஆனா வெற்றிக்கு ஏழு படிகள் மட்டும் வேண்டாம், அது போன வருஷமே ஆச்சு" என்றார். அதனால் தோல்வியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதுவும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நடந்த தோல்வி.

இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு நான் மேற்படிப்புக்குப் போனது அயோவா மாநிலத்துக்கு. வேலையும் அங்கேயே அமைந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. பெரிய தொழில்முறை அணி எதுவும் அந்த மாநிலத்தில் கிடையாது. ஆகவே செப்டம்பர் பிறந்தால் பலசரக்குக் கடையில் பில் போடுகிறவர் முதல் பல் டாக்டர் வரை எல்லோர் வாயிலும் அயோவா பல்கலைக்கழக அணிதான். சில வருடங்களாக அவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சண்டை. நம் அணி ஏன் பாயிண்ட் எடுக்க மாட்டேன் என்கிறது? கோச் சரியில்லையா, குவார்ட்டர்பேக் சரியில்லையா?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெயர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நூறு கஜ மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. முடியாது என்று தெரிந்தால் நான்காவது முயற்சியில் பந்தைத் தூர உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பண்ட் என்று பெயர். பாயிண்ட் எடுக்க ஆடும் பிரிவு அஃபென்ஸ், தடுக்க ஆடும் பிரிவு டிஃபென்ஸ். இரண்டிலும் ஆட்கள் வேறு வேறு. அஃபென்ஸின் நடுநாயகம் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும். எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்பதெல்லாம் அவர் மூலம்தான் நடக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அடுத்த முயற்சியில் எந்தத் திட்டம் என்பதைப் பெரும்பாலும் அவர் முடிவு செய்வதில்லை. அஃபென்ஸுக்கென்று தனியாக ஒரு கோச் உண்டு, கோ-ஆர்டினேட்டர் என்பார்கள். திட்டம் அவரிடமிருந்து வரும். 2023 சீசன் வரை கல்லூரி ஆட்டங்களில் கை ஜாடையாலும் அட்டைப் படங்களாலும் அதைத் தெரிவித்தார்கள். 2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோ வந்துவிட்டது. பந்து கைக்கு வந்தபின் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி. முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள் தாக்குபவர்களைத் தடுத்தால்தான் அந்த மூன்று விநாடியும் உண்டு.

இப்போது அயோவா கதைக்கு வருகிறேன். தலைமைக் கோச் கிர்க் ஃபெரன்ட்ஸ். 1999 முதல் அதே பதவியில் இருப்பவர், ஊருக்கே மரியாதைக்குரிய மனிதர். 2017இல் அஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர் பொறுப்புக்கு வந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ். பெயரைக் கேட்டதும் புரிந்திருக்கும், அவருடைய சொந்த மகன். அப்பா மகனை மேற்பார்வை செய்யக்கூடாது என்பதால், காகிதத்தில் மகன் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். காகிதத்தில்!

2022 செப்டம்பர் 3. சீசனின் முதல் ஆட்டம், எதிரி சவுத் டகோட்டா ஸ்டேட். அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஏழு பாயிண்ட் என்றால் ஒரு டச்டவுன், அதற்கு மேல் ஒரு பாயிண்ட் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லைங்க. ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று. எதிராளியை அவர்கள் எல்லைக்குள்ளேயே இரண்டு முறை மடக்கியதற்கு இரண்டிரண்டாக நான்கு. நான்கும் டிஃபென்ஸ் புண்ணியம். ஜெயித்த ஆட்டத்திலேயே சொந்த ஊர் ஜனம் கூச்சல் போட்டது. கூச்சல் யாருக்கு? குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ராஸுக்கு. அந்த வருடம் மொத்தம் 131 பெரிய அணிகளில் அயோவா அஃபென்ஸ் கஜக்கணக்கில் 130ஆவது.

கின்னிக் ஸ்டேடியத்தில் சுமார் எழுபதாயிரம் பேர் உட்காரலாம். பக்கத்திலேயே குழந்தைகள் மருத்துவமனை. 2017 முதல் அங்கே ஒரு வழக்கம். முதல் கால் பகுதி முடிந்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று, மாடி ஜன்னலில் நிற்கும் நோயாளிக் குழந்தைகளுக்குக் கை அசைக்கும். பார்த்தால் கண் கலங்கிவிடும். அதே ஜனம்தான் அடுத்த பத்தாவது நிமிடத்தில் படிக்கிற வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து ஊளையிடுகிறது. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிவது அவன்தான். திட்டம் போட்டவர் கண்ணாடி அறைக்குள்ளோ மைதான ஓரத்திலோ இருக்கிறார். கையில் பந்தோடு நடுவில் நிற்பவன் இவன்.

சரி, குவார்ட்டர்பேக்தான் குறை என்றே வைத்துக்கொள்வோம். ஆளை மாற்றினால் சரியாகவேண்டும் அல்லவா? 2023இல் மாற்றினார்கள். மிச்சிகன் அணியைக் கான்ஃபரன்ஸ் பட்டம் வரை கொண்டுபோன கேட் மெக்னமாரா வந்தார். செப்டம்பர் கடைசியில் அவருக்கு முழங்கால் போயிற்று. அடுத்து டீக்கன் ஹில். இரண்டு வருடத்தில் மூன்று குவார்ட்டர்பேக். அஃபென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. இல்லை, இன்னும் ஒரு படி இறங்கியது: 133 அணிகளில் 133ஆவது. ஆனால் டிஃபென்ஸ் தயவில் பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். அந்த வருடம் அணியின் கதாநாயகன் யார் தெரியுமா? பண்ட் அடிக்கும் ஆஸ்திரேலியப் பையன் டோரி டெய்லர். நாட்டின் சிறந்த பண்ட்டர் விருதே வாங்கினார். அத்தனை பண்ட் அடிக்க வாய்ப்புக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 2023 தொடக்கத்தில் மகனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் ஒன்பது லட்சம் டாலரிலிருந்து எட்டரை லட்சம். ஆட்டத்துக்குச் சராசரி 25 பாயிண்ட், ஏழு வெற்றி. இரண்டும் வந்தால்தான் வேலை நீடிக்கும். எஞ்சினியர்கள் நிறைந்த சபை இது, அந்த அளவுகோலை ஒரு நிமிடம் பாருங்கள். டிஃபென்ஸ் எடுக்கும் பாயிண்டும் அந்த 25இல் சேரும்! பம்ப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மழைத் தண்ணீரையும் சேர்த்துத் தொட்டியில் அளந்த கதைதான். அப்படி அளந்தும் வந்தது 15.4. அக்டோபர் 30 அன்று, அணி ஆறு வெற்றி இரண்டு தோல்வி என்ற நிலையிலேயே, அடுத்த வருடம் பிரையன் இல்லை என்று அறிவித்தார்கள். சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களில் அயோவா எடுத்த பாயிண்ட்: பூஜ்யம், பூஜ்யம்.

2024இல் டிம் லெஸ்டர் வந்தார். தலைமைக் கோச் அதே அப்பாதான். சராசரி 27க்கு மேல் ஏறியது. பாஸ் ஆட்டம் அப்போதும் நாட்டின் கடைசி வரிசையில்தான். கேலப் ஜான்சன் என்ற ஓட்டக்காரர் 1,500 கஜத்துக்கு மேல் ஓடினார். அதாவது குவார்ட்டர்பேக் பிரச்சினை தீரவேயில்லை, ஆனால் அஃபென்ஸ் பிழைத்துக்கொண்டது. இருக்கிறதை வைத்துச் சமைக்கத் தெரிந்தவர் அடுப்படிக்கு வந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம், லூசியானா ஸ்டேட். 2018இல் குவார்ட்டர்பேக் ஜோ பரோ, தலைமைக் கோச் எட் ஓர்ஜெரான், கோ-ஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். பரோ எறிந்த டச்டவுன் 16. அடுத்த வருடமும் மூவரும் அதே இடத்தில். புதிதாக வந்தவர் ஜோ பிரேடி, முப்பது வயது நிரம்பாத உதவிக் கோச். பந்து பிடிப்பவர்களை மைதானம் முழுக்கப் பரப்பு, சீக்கிரம் எறி என்று ஆட்டத்தையே திருப்பினார். 2019இல் பரோ எறிந்தது 60 டச்டவுன். பதினைந்துக்குப் பதினைந்து வெற்றி, தேசிய சாம்பியன். பையனுக்கு ஒரு வருட அனுபவம் கூடியதும் உண்மை, பந்து பிடித்தவர்கள் முதிர்ந்ததும் உண்மை. அதனால் மட்டும் 16 அறுபதாகாது.

"அப்படியானால் எல்லாம் கோச் தவறுதானா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள், எதிர்த்தரப்பு சாட்சியையும் விசாரிப்போம். ஆபர்ன் பல்கலைக்கழகம், 2010. குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன், கோ-ஆர்டினேட்டர் கஸ் மால்சான், தலைமைக் கோச் ஜீன் சிசிக். 14-0, தேசிய சாம்பியன், சராசரி 41 பாயிண்ட். 2011இல் நியூட்டன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், அனுபவசாலியான தடுப்பாளர்கள் சிலரும் படிப்பை முடித்துப் போனார்கள். கோச்சுகள் அதே ஆட்கள்தான். சராசரி 25க்கு இறங்கியது. 2012இல் மால்சானும் போனார். சராசரி 19க்கும் கீழே, 3-9. சிசிக் வேலை போயிற்று. 2013இல் மால்சான் தலைமைக் கோச்சாகத் திரும்பி வந்தார், புதிய குவார்ட்டர்பேக்கோடு. சராசரி 39, 12-2.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? நியூட்டன் மாதிரி ஓர் அபூர்வப் பிறவி கிடைத்தால் கோச்சின் குறையெல்லாம் மறைந்துபோகும். அயோவாவின் பிரையனே 2018இல் நல்ல ஆட்கள் கிடைத்தபோது சராசரி முப்பதைத் தாண்டியவர்தான். ஆனால் அபூர்வப் பிறவிகள் எத்தனை பேருக்குக் கிடைப்பார்கள்? பெரும்பாலான அணிக்கு வாய்ப்பது சுமாரான பையன். சுமாரான பையனை வைத்து உருப்படியாக ஆட வைப்பதற்குத்தான் கோச்சுக்குச் சம்பளம். கிர்க் ஃபெரன்ட்ஸின் 2022 ஒப்பந்தம் ஆண்டுக்கு எழுபது லட்சம் டாலர். வீரர்களோ, தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவே 2021 ஜூலை வரை அனுமதி இல்லை. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தருவது 2025இல்தான் தொடங்கியது. இன்னொன்று, கல்லூரியில் வீரனைத் தேடிப் பிடிப்பதும், பழக்குவதும், மைதானத்தில் இறக்குவதும் கோச்தான். "பையன் சரியில்லை" என்று கோச் சொன்னால், "சரி சார், அவனை யார் தேர்ந்தெடுத்தது?" என்ற கேள்வி உடனே நிற்கிறது.

அதற்காகக் குவார்ட்டர்பேக்குக்குப் பொறுப்பே கிடையாது என்பதல்ல. நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். திட்டம் அந்த இடத்துக்குப் பொருத்தமா? மூன்று விநாடி கிடைத்ததா? எறிவதற்கு ஒருவனாவது தனியாக இருந்தானா? மூன்றுக்கும் "ஆம்" என்றால், அதன்பின் பந்து தவறிப் போனால் அது அவன் கணக்கு. முதல் கேள்விக்கே "இல்லை" என்றால் அவனைப் பழிப்பதில் நியாயமில்லை. ஓர் ஆட்டத்தின் தோல்விக்குக் குவார்ட்டர்பேக் காரணமாக இருக்கலாம். ஆள் மாறி மாறியும் வருடக்கணக்கில் தொடரும் தோல்வி கோச்சுடையது. இதுதான் என் தீர்ப்பு.

ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவனை எடை போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அதே 7-3 ஆட்டமே சாட்சி. அன்று சவுத் டகோட்டா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் மார்க் க்ரொனவ்ஸ்கி. அவர் அணி எடுத்ததும் மூன்றே பாயிண்ட்தான். அன்று மாலை அவரைப் பற்றிக் கேட்டிருந்தால் "தேறமாட்டான்" என்றிருப்பார்கள். அந்த சீசன் முடிவில் அந்த அணி தன் பிரிவில் தேசிய சாம்பியன். அடுத்த வருடமும் சாம்பியன். 2025இல் அயோவாவே அவரைக் குவார்ட்டர்பேக்காக அழைத்துக்கொண்டது!

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் இன்னும் சில மாதங்களில் வேலைக்குப் போவீர்கள். முதலில் பந்து உங்கள் கையில்தான் இருக்கும், கூச்சலும் உங்களுக்குத்தான் வரும். உங்கள் மூன்று விநாடியில் உங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். திட்டமே கோணல் என்றால் மரியாதையாக, ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் இப்போது பந்தைத் தொடுவதில்லை, ஓரத்தில் நின்று திட்டம் அனுப்புகிறோம். இரண்டு வருடத்தில் மூன்று பையன்களை மாற்றியும் வேலை நகரவில்லை என்றால், நான்காவது பையனைத் தேடுவதற்கு முன் நாம் அனுப்பிய திட்டத்தை எடுத்துப் பார்ப்போம்.