மார்க்கீஸ் வைரமும் மதிப்பறியும் கண்ணும்

மோதிரத்திற்கு வைரம் வாங்கச் செல்வோர் முதலில் கேட்கும் வினா பெரும்பாலும், "எத்தனை கரட்?" என்பதே. இரு முனையும் கூராகி இடை அகன்று விளங்கும் மார்க்கீஸ் வைரத்திற்கு அவ்வினா போதாது. நிறையும் நிறத்தரமும் தெளிவுத்தரமும் ஒத்த இரு மார்க்கீஸ் கற்களுள் ஒன்று முழுதும் ஒளிரும். மற்றையது நடுவே இருண்டு கிடக்கும். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

இவ்வடிவம் 18ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் தோன்றியது. 1745இல் மார்க்கீஸ் என்னும் பிரபுப் பட்டம் பெற்ற பொம்பதூர் சீமாட்டியின் இதழ்களைப் போல ஒரு கல்லைத் தீட்டுமாறு பதினைந்தாம் லூயி மன்னன் பணித்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், இக்கல்லுக்குரிய "நவெத்" என்னும் மற்றைப் பெயரே வடிவத்தை உள்ளவாறு உணர்த்தும். நெசவாளர் கையாளும் நாடாவுக்குப் பிரெஞ்சு மொழியில் அதுவே பெயர்.

ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். அந்நிறையுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ ஆறரை மில்லிமீற்றர் குறுக்களவுடையது. மார்க்கீஸ் வைரமோ ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளும். ஆதலின் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். அணிந்த விரலையும் நீட்டிக் காட்டும். நீளம் அகலத்தைப்போல் இருமடங்கு அளவில் இருப்பதையே பலர் விரும்புவர். சற்றுக் கூடினும் குறையினும் குற்றமன்று. அது அவரவர் சுவையைப் பொறுத்தது.

குற்றம் பிறிதோரிடத்தில் உண்டு. கல்லின் நடுவே, குறுக்காக, கழுத்தில் கட்டும் "போ" முடிச்சைப் போன்ற கருநிழல் ஒன்று விழும். மார்க்கீஸ் கற்கள் பெரும்பாலானவற்றில் இது சிறிதளவேனும் காணப்படும். கல்லைச் சாய்க்கும்போது நிழல் ஒளியாக மாறுமாயின் கவலையில்லை. எப்பக்கம் திருப்பினும் அகலாது நிற்குமாயின் அக்கல்லை விலக்க வேண்டும். இந்நிழலுக்குத் தரச்சான்றுப் பத்திரம் மதிப்பெண் இடுவதில்லை. கடையின் கூரிய விளக்கொளியோ அதனை மறைத்துவிடும். எனவே கல்லைச் சாளரத்தருகே கொண்டு சென்று பகலொளியிலும் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது ஒப்புமை. இரு முனைகளையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டால், அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். முனை சற்று விலகினும் மோதிரத்திலே கல் கோணலாகத் தோன்றும்.

முனைகளே இக்கல்லின் அழகு; அதன் நலிவும் அவையே. வைரம் கடினமானது என்பதனால் உடையாதது என்று கொள்ளலாகாது. அதனைக் கீறுதல் அரிது. ஆயினும் குறித்த சில திசைகளில் அடிபட்டால் பிளந்துவிடும். முனையருகே உள்வெடிப்பு இருப்பின் அபாயம் மிகும். கல்லைப் பதிக்குமுன், தனிக்கல்லாகவே, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் இரு முனைகளையும் ஆராய வேண்டும். பதித்தபின் முனையின் சிதைவை உலோகப் பிடி மறைத்துவிடும். அப்பிடியும் ஆங்கில "வி" எழுத்தின் வடிவில் முனையைத் தழுவிக் காக்க வேண்டும்.

இனி, பெயரை மட்டும் நம்புதலும் தகாது. நம் நாட்டிலே "மாத்தறை வைரம்" என்று வழங்கிய கல் நிறமற்ற சேர்க்கனே, வைரம் அன்று. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரமோ உண்மையான வைரமே. எனினும் விலையிலே பெரிதும் குறைந்தது. வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாமையால், கல்லின் பிறப்பைப் பற்றிச்சீட்டிலே எழுதிப் பெறுவது அவசியம்.

நிறையைத் தராசு காட்டும். நிறத்தையும் தெளிவையும் பத்திரம் கூறும். ஒளியையும் ஒப்புமையையும் முனையின் உறுதியையும் வாங்குவோர் தம் கண்ணாலேயே தேர்ந்தறிதல் வேண்டும். சற்றுச் சிறிய கல்லாயினும், நன்கு தீட்டப்பெற்று நன்கு பதிக்கப்பெற்றதே தலைமுறை கடந்து விரலில் நிலைக்கும்.