பவளத் திட்டில் தூண்டிற் பயணம்

1770ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாக ‘எண்டெவர்’ என்னும் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் குக், கடல் தொழிலிலே தேர்ந்தவர். நிலவு நன்றாகக் காய்ந்தது. ஆழம் பார்ப்பவன் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்து, ‘17 பாகம்’ என்றான். அவன் மறுமுறை குண்டை எறிவதற்குள் கப்பல் பவளப் பாறையில் மோதி நின்றுவிட்டது. பீரங்கிகளையும் பாரக் கற்களையும் கடலில் தள்ளிக் கப்பலை இலேசாக்கி, மறுநாள் இரவுப் பெருக்கில்தான் அதை மீட்க முடிந்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1774இல், இன்று வனுவாட்டு என வழங்கும் தீவுகளின் அருகே, அதே குக்கின் கீழ்ப் பணிபுரிந்தவர்கள் பவளக் கடலோரத்தில் பிடித்த செந்நிற மீன்களைச் சமைத்து உண்டனர். உண்டவர்கள் கைகால் சோர்ந்து பல நாள் வருந்தினார்கள். மீனின் நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ குற்றம் ஏதும் தெரியவில்லை.

பவளக் கடல் அந்தப் பெரிய மாலுமிக்குக் கற்பித்த பாடங்கள் இவை இரண்டு. கண்ணுக்குப் புலப்படாத பாறை அங்கே உண்டு. நாவுக்குப் புலப்படாத நஞ்சும் அங்கே உண்டு. இன்று அதே கடலுக்கு, கட்டணம் செலுத்திவிட்டு, தூண்டிலும் கையுமாய் உல்லாசப் பிரயாணிகள் ஆண்டுதோறும் செல்கின்றனர். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடனே திரும்புகின்றனர். குக்கிடம் இல்லாத எது இவர்களிடம் இருக்கிறது? அந்த இடத்தைப் பழகி அறிந்த படகுத் தலைவர் ஒருவர் இருக்கிறார். நம் தூத்துக்குடித் தோணிக்காரர் இத்தகைய தலைவரைத் ‘தண்டல்’ என்பார்கள். நானும் அவ்வாறே சொல்கிறேன். தூண்டிற் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, உண்மையில், ஒரு நல்ல தண்டலைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கரைக்கு அப்பால், 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது பெருந்தடுப்புப் பவளத் திட்டு. பெயரைக் கேட்டு அது ஒரே மதில் என்று எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ 2,900 தனித்தனித் திட்டுகளின் கூட்டம் அது. நம் மன்னார் வளைகுடா மீனவர் ‘பார்’ என்று சொல்வார்களே, அத்தகைய பார்கள் ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்துக் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாரின் விளிம்பிலே, பவளம் முடிந்து மணல் தொடங்கும் சரிவிலே, சிறு மீன்கள் ஒதுங்குகின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. தூண்டிற்காரனுக்கு வேண்டிய இடம் அந்த விளிம்புதான்.

வடக்கே கெய்ர்ன்ஸ், போர்ட் டக்ளஸ் துறைகளில் திட்டு கரைக்கு அணித்தாக உள்ளது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். தெற்கே செல்லச் செல்ல அது கரையைவிட்டு விலகுகிறது. கிளாட்ஸ்டன் துறையிலிருந்து செல்லும் ‘ஸ்வெயின்’ திட்டுகள் கரைக்கு 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவை. அங்கே செல்வோர் படகிலேயே பல இரவுகள் தங்க வேண்டும். கடலில் ஒருநாளும் உறங்கியறியாதவர் முதற் பயணத்திலேயே ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஒருநாள் சென்று, தம் உடம்பு அலைக்கு எவ்வளவு இணங்குகிறது என்று அறிந்துகொண்ட பிறகு நெடும்பயணத்தை நினைக்கலாம்.

பயணங்களில் வகை உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து, முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து செல்வது ஒன்று. நண்பர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து படகு முழுவதையும் அமர்த்திக்கொள்வது மற்றொன்று. முன்னதில் செலவு குறைவு. ஆனால், படகின் விளிம்பில் எத்தனை பேர் வரிசையாக நிற்பார்கள் என்று கேட்டறிய வேண்டும். ஆட்கள் நெருங்கி நின்றால் நரம்பும் நரம்பும் சிக்கிக்கொள்ளும்; நாளின் பாதி சிக்கெடுப்பதிலேயே கழியும். சிறுவரை அழைத்துச் செல்வோர், நிழலும் கழிப்பறையும் உள்ள படகா என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது பருவம். ஆண்டின் நடுப்பகுதியில் தென்கிழக்குக் காற்று நாட்கணக்கில் ஓயாமல் வீசும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். செப்டம்பருக்குப் பின், புயற்காலம் வலுப்பதற்கு முன், கடல் பெரும்பாலும் அமைதியுறும். தேதியை நாம் குறிக்கலாம். ஆனால் அன்றைய காற்றை நாம் குறிக்க முடியாது. ஆகவே பயணத்துக்கென ஒரே ஒரு நாளை ஒதுக்காமல், இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கிவைப்பது நலம்.

இதிலிருந்துதான் முதன்மையான கேள்வி பிறக்கிறது. ‘காற்று மிகுந்தால் என்ன செய்வீர்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்று முன்பே கேட்டுவிடுங்கள். ‘எந்தக் காற்றிலும் எங்கள் படகு போகும்’ என்று பெருமை பேசுபவரை விட்டு அகலுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கெய்ர்ன்ஸ் துறையில் விடியுமுன் எட்டுப் பேர் கூடி நின்றோம். தண்டல் வானொலியில் வானிலைச் செய்தியைக் கேட்டார். துறைமுகத்தின் வாய்வரை சென்று பார்த்தார். பிறகு திரும்பிவந்து, ‘இன்று பயணம் இல்லை’ என்றார். துறைக்குள் நீர் கண்ணாடிபோல் கிடந்தது. நெடுந்தொலைவிலிருந்து வந்த எங்களுக்குச் சினம் பொங்கிற்று. ஒருவர் இரு மடங்கு பணம் தருவதாகக் கூடச் சொன்னார். தண்டல் புன்னகையோடு தலையை அசைத்து மறுத்து, எல்லோருடைய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நண்பகலில் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல் வெண்ணுரையாய்க் கொந்தளித்தது. மூன்றாம் நாள் அவருடைய படகிலேயே சென்றேன். அன்று பிடித்த மீன்களின் எண்ணிக்கையை நான் மறந்துவிட்டேன். அவர் ‘இல்லை’ என்று சொன்ன அந்தக் காலையை மறக்கவில்லை.

கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. படகுக்கு ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் சான்று இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை உண்டா? சிறுவருக்கு உண்டா? விபத்து நேர்ந்தால் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அறிவிக்கும் வானொலிக் கருவி உண்டா? தண்டலைத் தவிர உதவியாளர் எத்தனை பேர்? தூண்டிலும் இரையும் பனிக்கட்டியும் கட்டணத்தில் அடங்குமா? பிடித்த மீனை அரிந்து கொடுப்பார்களா? நல்ல தண்டல் இக்கேள்விகளுக்குச் சலிப்பின்றி விடை சொல்வார். புறப்படுமுன் சட்டை அணியும் முறையையும் தாமே செய்து காட்டுவார்.

படகு கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடற்பிணிக்கு மருந்து உண்பதாயின் மருத்துவரைக் கேட்டு, படகேறுவதற்கு முன்பே உண்ண வேண்டும். தலை சுழன்ற பின் உண்டு பயனில்லை. வயிற்றை வெறுமையாகவும் விடலாகாது, நிரப்பவும் கூடாது. தலை சுழன்றால் அறைக்குள் போய்ப் படுக்காமல், வெளித்தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்குங்கள். வெயிலுக்குத் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் வேண்டும்.

திட்டை அடைந்ததும் தண்டல் பவளத்தின்மேல் நங்கூரம் போடுகிறாரா, மணலில் போடுகிறாரா என்று கவனியுங்கள். ஒரு நங்கூரம் ஒரு நொடியில் உடைக்கும் பவளம் வளர்ந்தெழப் பல ஆண்டுகள் ஆகும். பிறகு கணவாய்த் துண்டையோ சாளை மீனையோ முள்ளில் கோத்து, ஈயக்குண்டுடன் இறக்குவீர்கள். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பைச் சிறிது மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லையேல் பாறையில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கடலின் பெருமைக்குரிய மீன் ‘கோரல் டிரவுட்’ என்பது. நம் களவா மீனின் இனம். செந்நிற உடலில் நீலப் புள்ளிகள் தெளித்திருக்கும். இரையைக் கவ்விய கணமே அது தன் பொந்தை நோக்கிப் பாயும். முதல் இரண்டு பாகம் விட்டுக்கொடாமல் இழுப்பவர்க்கே அது கிட்டும். தயங்கினால் நரம்பு பவளத்தில் உரசி அறும். விளமீன் இனத்தவையும், சங்கராவுக்கு உறவான பெரிய செம்மீன்களும் அங்கே உண்டு. நம் சந்தையில் விற்கும் அதே வஞ்சிரம் அந்தக் கடலின் மேற்பரப்பிலும் வேட்டையாடித் திரிகிறது.

இந்தச் செல்வம் வரையறையற்றது அன்று. 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த கடற்பூங்காவுக்குள் இத்திட்டின் பெரும்பகுதி அடங்கும். 1981இல் இது உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு முதல் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு பச்சை வண்ணப் பகுதியாக வகுக்கப்பட்டுள்ளது. அங்கே மீன்பிடித்தல் அறவே கூடாது. மஞ்சள் வண்ணப் பகுதியில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள் என்பது விதி. கோரல் டிரவுட் 38 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அக்டோபரிலும் நவம்பரிலும் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாட்கள் பவளத் திட்டு மீன்கள் எவற்றையும் பிடிக்கலாகாது. அவை கூடி முட்டையிடும் காலம் அது. நாள் குறிப்பதற்கு முன் அவ்வாண்டின் தடைநாட்களைக் கேட்டறிந்துகொள்க.

இந்த விதிகளுக்குப் பின்னே இயற்கையின் கணக்கு ஒன்று இருக்கிறது. கோரல் டிரவுட் முதலில் பெண்ணாய் வளர்ந்து முட்டையிடும். பெருத்த பின் ஆணாய் மாறும். சிறியவற்றைப் பிடித்தால் தாயை இழக்கிறோம். பெரியவற்றையே தேடித் தேடிப் பிடித்தால் தந்தையை இழக்கிறோம். வெப்பமுற்ற கடல்நீரால் பவளம் பெருமளவில் வெளுப்பது 1998இலும் 2002இலும் நிகழ்ந்தது. 2016க்குப் பின் அடிக்கடி நிகழ்ந்துவருகிறது. நலிந்திருக்கும் வீட்டில் விருந்தாளி அளவறிந்து உண்ண வேண்டும் அன்றோ?

விட்டுவிடும் மீனையும் முறையறிந்து விட வேண்டும். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அதை அப்படியே எறிந்தால் நீரின்மேல் மிதந்து, பறவைக்கும் சுறாவுக்கும் இரையாகும். பாரம் கட்டிய முள்ளில் மாட்டி மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிடும் எளிய கருவி ஒன்று இருக்கிறது. அது படகில் உண்டா என்று கேளுங்கள். ஈரக்கையால் பற்றி, படம் பிடிப்பதற்கென நெடுநேரம் வைத்திராமல், விரைந்து விடுவித்தால் பல மீன்கள் பிழைக்கும்.

இறுதியாக, குக்கின் ஆட்களை வருத்திய அந்த நஞ்சு. அதன் பெயர் சிகுவாட்டெரா. பவளப் பாறையில் படியும் பாசியோடு வாழும் நுண்ணுயிர் ஒன்றில் அது தோன்றுகிறது. பாசி தின்னும் சிறு மீனிலிருந்து, அதைத் தின்னும் பெரிய மீனுக்குச் சென்று சேர்ந்து திரளுகிறது. சமைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு வயிற்றுப்போக்கும் உதடுகளில் சுரசுரப்பும் உண்டாகும். குளிர்ந்த நீர் சுடுவதுபோல் தோன்றுவது அதன் தனி அடையாளம். ‘ரெட் பாஸ்’, ‘சைனாமேன்’ முதலிய சில மீன்களைப் பிடித்து வைத்திருப்பதையே குவீன்ஸ்லாந்து அரசு தடை செய்திருப்பதற்குக் காரணம் இதுவே. நீங்கள் மகிழ்ந்து தூக்கிய மீனைத் தண்டல் பார்த்துவிட்டு, ‘இது வேண்டாம்’ என்று கடலில் விட்டால் வருந்தாதீர்கள். உங்கள் வீட்டாரின் உடல்நலத்தைக் காத்தவர் அவர்.

காற்று மிகுந்த காலையில் ‘இன்று வேண்டாம்’ என்பார். பச்சைப் பகுதியின் எல்லையில் ‘இங்கே வேண்டாம்’ என்பார். கூடை நிறையுமுன் ‘இனி போதும்’ என்பார். இவ்வாறு மறுக்கத் தெரிந்தவரையே தேடிக் கண்டுபிடியுங்கள். நாம் கொடுக்கும் கட்டணம் மீனுக்கு விலையன்று. மீனைச் சந்தையிலே இதைவிட மலிவாக வாங்கலாம். கடலில் ஒருநாள் வாழ்ந்து, விடைபெற்று, மாலையில் வீடு திரும்பும் நிறைவுக்கே அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம். நாளை நம் பிள்ளைகள் செல்லும்போதும் அந்தப் பாரின் விளிம்பிலே மீன்கள் காத்திருக்க வேண்டும்.