லயத்து வீட்டுச் சுவருக்கு இருண்ட நிறமா, வெளிர் நிறமா?

(வீட்டுச் சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், "இந்த முறை காம்பராவுக்குப் பெயின்ட் அடிச்சிடுவோம்" என்ற பேச்சு பல வீடுகளில் வரும். கூடவே வழக்கும் வரும். "வெள்ளை அடிச்சா ஒரே மாசத்துல புகை ஏறிடும், கரும்பச்சையே அடிப்போம்" என்பார் ஒருவர். "வீடு இருட்டா போயிடுமே" என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனாலும் லயத்து வீட்டுக்கு வெளிர் நிறமே நல்லது என்பது எங்கள் கருத்து.

நமது பழைய லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. சின்னக் காம்பரா, ஒரு கதவு, கிடைத்தால் ஒரு ஜன்னல். உள்ளே வரும் வெளிச்சமே கொஞ்சம். புதிதாக வெள்ளையடித்த சுவர், தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு சுமார் 80 பங்கைத் திருப்பித் தரும். கரும்பச்சையும் கருநீலமும் சுமார் 10 பங்குதான் தரும், மிச்சத்தை விழுங்கிவிடும். பின்னேரம் பாடம் படிக்கிற பிள்ளையின் கண்ணுக்கும், மாதக் கடைசியில் வரும் லைட் பில்லுக்கும் இது பெரிய வித்தியாசம்.

இருண்ட நிறம் அழுக்கை மறைக்கும், போக்காது. மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சணம் வெள்ளைச் சுவரில் உடனே தெரியும், துடைத்துவிடலாம். கறுத்த சுவரில் அது தெரியாமலே பரவும். பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் கூடின பிறகுதான் நமக்குத் தெரியும்.

"கறுத்த நிறம் குளிருக்குச் சூடா இருக்குமே" என்று சிலர் கேட்கிறார்கள். பார்வைக்கு அப்படித் தோன்றும், அவ்வளவுதான். குளிரைத் தடுக்க கதவு இடுக்கையும் சுவர் வெடிப்பையும் அடைக்க வேண்டும்.

அப்படியென்றால் கைபடும் இடத்துக்கு என்ன செய்வது? தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் காவி போன்ற இருண்ட பட்டை அடியுங்கள். அதற்கு மேலே வெள்ளை, வெளிர் மஞ்சள், இளநீலம். காசு குறைவென்றால் ஜன்னலைப் பார்த்த சுவரை மட்டுமாவது முதலில் வெளிர் நிறமாக்குங்கள்.

ஈரம் ஊறும் சுவருக்கு இனாமல் பெயின்ட் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு மலிவு, சுவரை மூச்சுவிடச் செய்யும், பூஞ்சணத்தையும் கட்டுப்படுத்தும். வருஷத்துக்கு ஒருமுறை அடித்தால் புகைக்கறையும் போகும். பழைய இனாமல் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. முதலில் அதைச் சுரண்ட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே நனைத்தே சுரண்டுங்கள். தூள் பிள்ளைகள் வாயில் போகக் கூடாது. சுட்ட சுண்ணாம்பைக் கரைக்கும்போது கொதிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள்.

காலமும் முக்கியம். டிம்புள்ள பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல தேயிலை கிடைக்கிற காய்ந்த காலம். சுவருக்கும் அதுவே ஏற்ற காலம். தீபாவளிக்கு அவசரப்பட்டு அடைமழையில் அடிக்காதீர்கள். அந்தக் காசை எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒழுகும் கூரையை எந்தப் பெயின்டும் அடைக்காது. லயத்தார் எல்லோரும் சேர்ந்து, எழுத்து மூலம் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். கூரை திருந்தட்டும், பிறகு சுவர் வெளுக்கட்டும்.