சினம் செல்லும் இடம்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாளாந்த வாழ்விலே மனத்தைக் கலக்கும் உணர்ச்சிகளை ஆளுவது எப்படி என்று பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். அச்சம், பொறாமை, துயரம் என்று அவை பல. எல்லாவற்றையும் ஒரு மாலைப்பொழுதிலே பேசிவிட இயலாது. நாம் நன்கு அறிந்தது கோபம் ஒன்றுதான். இருபத்திரண்டு வயதிலே வேறு எதிலும் இவ்வளவு தேர்ச்சி பெற்றோம் என்று சொல்வதற்கில்லை.

சென்ற ஆண்டு ஒரு சான்றிதழ் பெறும்பொருட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அது மூன்றாம் முறை. காலை எட்டரை தொடக்கம் வாங்கிலே காத்திருந்தோம். பதினொரு மணிக்கு யன்னலுக்கு அப்பாலிருந்தவர் நிமிர்ந்தும் பாராமல், "பெரியவர் லீவு. அடுத்த கிழமை வாரும்" என்றார். "படிச்ச பிள்ளையள், இதுகூட விளங்காதோ?" என்று கூடவே ஒரு சொல். சூழ நின்றோர் சிரித்தனர். நாம் "சரி சேர், நன்றி" என்று கூறி வெளியே வந்தோம். வெகு மரியாதையாக நடந்துகொண்டோம்.

பஸ்ஸிலே ஒரு மணித்தியாலம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழிகளை வழிநெடுக ஒன்றன்பின் ஒன்றாக இயற்றினோம். ஒவ்வொன்றும் முந்தியதிலும் கூர்மையாக அமைந்தது. வீட்டிலே அம்மா சோறு போட்டுவிட்டு, "கடுதாசி கிடைச்சதோ தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோப்பையைத் தள்ளிவிட்டு, "வந்ததும் வராததுமாக் கேள்வி! நிம்மதியாச் சாப்பிட விடமாட்டியளோ?" என்று கத்தினோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

திருக்குறளிலே வெகுளாமை என்பது 31ஆம் அதிகாரம். அதனை மனனஞ்செய்து புள்ளி வாங்கியவர்கள்தாம் நாமும். தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்திலே அதனைத் தடுப்பவனையே உண்மையில் சினம் காப்பவனாக வள்ளுவர் அங்கு முதலிலேயே கொள்கிறார். பலியாத இடத்திலே அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. அப்படிப் பார்த்தால், யன்னலடியிலே நாம் காட்டியது பொறுமையன்று, வெறும் பயம். அம்மாவிடத்திலே பயமில்லை. ஆகவே கோபம் அங்கே போயிற்று.

நிற்க. உடலிலே நிகழ்வதையும் சிறிது அறிந்திருத்தல் நன்று. ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வோல்ரர் கனன் 1915ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். சினமோ அச்சமோ எழுந்தவுடன் சிறுநீரகங்களின் மேலே அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரினலினை இரத்தத்திலே விடுகின்றன. இதயம் விரைகிறது, ஈரல் தன்னிடமுள்ள வெல்லத்தை வெளிவிடுகிறது, இரத்தம் தசைகளை நோக்கி ஓடுகிறது. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடல் ஆயத்தமாகிறது. காரணம் அகன்ற மாத்திரத்தில் அந்த எழுச்சி அகல்வதில்லை. அதன் மிச்சம் கிடக்கும்போது சிறு கேள்வியும் பெருங்குற்றமாய்த் தோன்றும். நாமோ பஸ்ஸிலே மறுமொழி இயற்றி, ஆறவேண்டியதை ஆறவிடாமல் மூட்டிக்கொண்டே வந்தோம்.

கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று பலர் நம்புகின்றனர். 2002ஆம் ஆண்டிலே பிராட் புஷ்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதனைச் சோதித்து எழுதினார். கோபமூட்டப்பட்ட மாணவருள் ஒரு சாரார் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். இன்னொரு சாரார் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினர். மற்றோர் சும்மா இருந்தனர். பகைவரை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்து நின்றது. சும்மா இருந்தவர்கள் அவர்களிலும் நன்றாக ஆறியிருந்தனர்.

மிஷன் பாடசாலையிலே நாம் பயின்ற காலத்தில் வரலாற்றாசிரியர் ஒருவர் ஆபிரகாம் லிங்கனின் கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்வதுண்டு. 1863ஆம் ஆண்டு யூலை முதல் மூன்று நாட்கள் கெற்றிஸ்பேர்க்கிலே நடந்த பெரும்போரில் லிங்கனின் சேனை வென்றது. ஆயினும் தோற்ற தளபதி லீ பொற்றோமாக் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டார். அவரை மடக்கவில்லையே என்று தம் தளபதி மீட் மீது லிங்கனுக்கு ஆற்றாத சினம். யூலை 14ஆம் திகதி மீட்டுக்குக் கடுமையான கடிதம் ஒன்று எழுதினார். எழுதியபின் கையொப்பமிடவுமில்லை, அனுப்பவுமில்லை; உறையின்மேல் அவ்வாறே குறித்தும் வைத்தார். மீட் அவருக்குக் கீழ்ப்பட்டவர். லிங்கனின் கோபம் அங்கே செல்லும். சென்றிருந்தால் தடுப்பாரில்லை. இதனை ஆசிரியர் சொல்லக் கேட்டபோது வெறுங்கதையாகத்தான் கேட்டோம். எம் காலத்திலே உறையுமில்லை, முத்திரையுமில்லை. கைத்தொலைபேசியிலே பெருவிரல் பட்டால் போயிற்று. இரவு பதினொரு மணிக்குமேல் எழுதியவற்றை விடிந்தபின் அனுப்புவது என்று இப்பொழுது வைத்திருக்கிறோம். அவற்றிற் பாதி அனுப்பப்படுவதேயில்லை.

பெரியோர் பொறுத்தருள வேண்டும். கோபத்தை அடக்கு என்று இளையோருக்குச் சொல்வது மூத்தோருக்குச் சில வேளைகளில் வசதியாகவும் இருந்துவிடுகிறது. கந்தோரிலே தலைகுனிந்து நின்றுவிட்டு வீட்டிலே பிள்ளையின் கொப்பியைக் கிழிக்கும் தகப்பன்மாரும் எமது ஊரிலே உண்டு. அநீதிக்கு எதிரே வாய்மூடியிருக்கும்படி நாம் சொல்லவில்லை. அடுத்த கிழமை அதே யன்னலுக்குப் போனோம். வந்துபோன திகதிகளையும் கேட்க வேண்டியதையும் முதல்நாளே தாளில் எழுதிவைத்திருந்தோம். குரலை உயர்த்தாமல் வாசித்து, எந்த நாளிலே கிடைக்கும் என்று எழுதித் தருமாறு கேட்டோம். இம்முறை அவர் நிமிர்ந்து பார்த்தார். நாள் குறித்துத் தந்தார். அந்தக் கோபத்துக்கு உரிய இடம் அதுவே. ஒரு கிழமை பிந்திப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பின் கலக்கமான நாட்களிலே ஒரு தரிப்பு முன்னதாக இறங்கி நடந்து வருகிறோம். மறுமொழி இயற்றாமல் நடப்பதுதான் கடினம். வேலிகளையும் வேம்புகளையும் பார்த்துக்கொண்டு வருவோம். அப்படியும் ஆறாவிட்டால், "அம்மா, இண்டைக்குக் கோவத்தோட வந்திருக்கிறன். உங்களில இல்லை" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போவோம். முதன்முறை சொல்ல நாணமாக இருந்தது. அம்மா "சரி, தேத்தண்ணி வைக்கிறன்" என்று மாத்திரம் சொன்னார்.

முன்பெல்லாம் படலை திறக்கும் ஓசை கேட்டதுமே உள்ளிருந்தபடி கேள்விகளைத் தொடங்கிவிடுவார். அந்தச் சோறு சிந்திய நாளுக்குப் பின்னர் அப்படியில்லை. முதலில் வாசலுக்கு வந்து எமது முகத்தைப் பார்ப்பார்; பின்னரே பேசுவார். மன்னிப்புக் கேட்டோம், அவரும் சிரித்துக்கொண்டு மறந்துவிட்டதாகச் சொன்னார். இன்று இக்கூட்டத்துக்குப் புறப்படும்போதும், "என்ன தம்பி பேசப்போறாய்?" என்று கேட்குமுன் ஒரு கணம் முகத்தைப் பார்த்தார்.